எந்த ஊர் நீதிபதி விசாரிப்பது? நாடு தாண்டிய பிள்ளைகளும் ஹேக் உடன்படிக்கையும்

2012 ஆகஸ்டில் இங்கிலாந்திலிருந்து ஒரு தாய் தன் இரண்டு மகள்களுடன் கோவைக்கு வந்தார். திரும்பிப் போக செப்டம்பர் 2-ஆம் தேதிக்கு டிக்கெட் இருந்தது. அந்த விமானத்தில் அவர்கள் ஏறவில்லை. தாய் கோவை குடும்பநல நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்டார். தந்தை இங்கிலாந்து உயர் நீதிமன்றத்துக்குப் போய், பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வாங்கினார். அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார், அது தள்ளுபடியானது. பிறகு உச்ச நீதிமன்றம். 2015 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: பிள்ளைகள் இங்கிலாந்து போக வேண்டும், தாயும் கூடப் போகலாம், அவருடைய விமானக் கட்டணமும் தங்கும் செலவும் தந்தையின் பொறுப்பு.

இந்தக் கதையைக் கேட்கும் எவரும் உடனே கேட்பது, "தப்பு யார் மேல்?" என்பதுதான். கணவன் கொடுமைக்காரனா, மனைவி பிடிவாதக்காரியா, பிள்ளைகள் யாரிடம் இருந்தால் நன்றாக இருப்பார்கள்? உச்ச நீதிமன்றம் இவற்றில் எதற்கும் விடை சொல்லவில்லை. அது எடுத்துக்கொண்ட கேள்வி வேறு: இந்தக் குடும்பத்தின் வழக்கை விசாரிக்க வேண்டியவர் கோவை நீதிபதியா, இங்கிலாந்து நீதிபதியா?

எல்லை தாண்டிய பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும் சட்டம் முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும். இதைத் தவறவிட்டால், படித்தவர்கள்கூட, "அமெரிக்க நீதிமன்றம் பிள்ளையை அப்பாவிடம் கொடுத்துவிட்டது" என்று தவறாகப் புரிந்துகொண்டு சண்டைக்கு நிற்பார்கள்.

ஹேக் உடன்படிக்கை

1970-களில் விமானப் பயணம் மலிவானது, வெளிநாட்டு வேலையும் நாடு கடந்த திருமணங்களும் பெருகின, விவாகரத்தும் கூடியது. மணவாழ்க்கை முறிந்ததும் இருவரில் ஒருவர் பிள்ளையுடன் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவது வழக்கமாயிற்று. ஊருக்குப் போனால் அம்மா வீடு உண்டு, தெரிந்த மொழி உண்டு, தெரிந்த வக்கீல் உண்டு. அந்த ஊர் நீதிமன்றமும் வழக்கை முதலிலிருந்து தொடங்கும். அதற்குள் பிள்ளை உள்ளூர்ப் பள்ளியில் சேர்ந்திருக்கும், புது நண்பர்கள் கிடைத்திருப்பார்கள். "இப்போது பிடுங்கி அனுப்புவது நல்லதா?" என்று நீதிபதி தயங்குவார். மறுபக்கம் இருப்பவர் தனக்குத் தெரியாத நாட்டில், தெரியாத மொழியில், விடுப்பு போட்டுவிட்டு வந்து வழக்காட வேண்டும். ஒவ்வொரு மாதத் தாமதமும் கூட்டிப் போனவருக்குத்தான் வலு சேர்க்கும்.

இந்த லாபத்தை இல்லாமல் ஆக்குவதற்காகவே ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1980 அக்டோபர் 25-ஆம் தேதி முடிவான அது, 1983 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. அதன் அடிப்படை விதி எளியது: பிள்ளை எந்த நாட்டில் வழக்கமாக வாழ்ந்து வந்ததோ அந்த நாட்டுக்கு உடனே திருப்பி அனுப்பு, பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பதை அங்குள்ள நீதிமன்றம் முடிவு செய்யட்டும்.

இதன் தலைப்பில் 'குழந்தைக் கடத்தல்' என்ற சொல் இருக்கிறது. நம் பலருடைய கோபமும் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. பெற்ற தாய் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீடு வருவது கடத்தலா? நியாயமான கேள்வி. ஆனால் தலைப்பைத் தாண்டி உள்ளே போனால், உடன்படிக்கையின் பிரிவுகள் அந்தச் சொல்லைத் தவிர்த்துவிட்டு, முறையற்று அழைத்துச் செல்லுதல், முறையற்றுத் தடுத்து வைத்தல் என்றுதான் பேசுகின்றன. யாரையும் தண்டிப்பதும் அதன் வேலை இல்லை. அது சிவில் நடைமுறை மட்டுமே. தண்டனை வேண்டுமா, எவ்வளவு என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தின் பாடு. அமெரிக்காவில் 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி இது மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம்

லண்டனில் ஒரு தமிழ்க் குடும்பம். தந்தை அங்கேயே வளர்ந்தவர், தாய் டொராண்டோவில் வளர்ந்தவர். ஏழு வயது மகன். கோடை விடுமுறைக்கு மகனைக் கூட்டிக்கொண்டு தாய் டொராண்டோ போகிறார். தந்தைதான் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுகிறார். செப்டம்பரில் பள்ளி திறக்கும் நேரத்தில், "நாங்கள் வரவில்லை. இங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டேன்" என்று செய்தி வருகிறது.

தந்தை சம்மதித்துத்தானே அனுப்பினார், பிறகு என்ன முறைகேடு என்று தோன்றலாம். அவர் சம்மதித்தது ஆறு வாரத்துக்கு. ஏழாவது வாரத்திலிருந்து அது தடுத்து வைத்தல். அழைத்துச் செல்வது முறையாக இருந்து, வைத்துக்கொள்வது முறையற்றுப் போவதும் உடன்படிக்கைக்குள் வரும். நடைமுறையில் ஏராளமான வழக்குகள் இப்படி, திரும்பி வராத விடுமுறையாகத்தான் தொடங்குகின்றன.

மகனுக்குக் கனடா பாஸ்போர்ட் இருந்தால்? அதனால் எதுவும் மாறாது. உடன்படிக்கை குடியுரிமையைப் பார்ப்பதில்லை. பிள்ளையின் 'வழக்கமான வசிப்பிடம்' எது என்று மட்டுமே பார்க்கும். பள்ளி எங்கே, மருத்துவர் எங்கே, விளையாட்டுத் தோழர்கள் எங்கே, குடும்பம் எங்கே நிலையாக இருந்தது? இதற்கு உடன்படிக்கையில் வரையறை எழுதவில்லை, வேண்டுமென்றே எழுதவில்லை. கைக்குழந்தை என்றால் இந்தக் கேள்வி சிக்கலாகும். இத்தாலியில் பிறந்து எட்டு வாரமே ஆன பெண் குழந்தையுடன் ஓர் அமெரிக்கத் தாய் ஓஹையோ வந்துவிட்டார். பெற்றோர் இருவரும் இத்தாலியிலேயே குழந்தையை வளர்ப்பதாக ஒப்புக்கொள்ளவே இல்லை என்பது அவர் வாதம். அப்படி ஓர் ஒப்புதல் தேவையில்லை, எல்லாச் சூழ்நிலைகளையும் சேர்த்துப் பார்த்தே வசிப்பிடத்தை முடிவு செய்ய வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்னது.

அடுத்து, தந்தைக்குப் பராமரிப்பு உரிமை இருந்ததா, அதை அவர் உண்மையில் பயன்படுத்தி வந்தாரா என்று பார்ப்பார்கள். இங்கேதான் நம்மவர்கள் பெரும்பாலும் வழுக்குகிறார்கள். "விவாகரத்தே இன்னும் ஆகவில்லை, எந்த நீதிமன்றமும் பிள்ளை இன்னாரிடம் என்று சொல்லவில்லை, பிறகு நான் எந்த உத்தரவை மீறினேன்?" என்பார்கள். உத்தரவு எதுவும் தேவையில்லை. திருமணமான பெற்றோர் இருவருக்கும் பிள்ளை மீது சம உரிமை உண்டு என்று அந்த நாட்டுச் சட்டமே சொன்னால் அது போதும். இன்னும் ஒரு படி மேலே போய், பிள்ளையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக மற்றவரின் சம்மதம் வேண்டும் என்று சட்டம் சொன்னால், அந்தச் 'சம்மத உரிமை'யும் பராமரிப்பு உரிமைதான். சிலி நாட்டில் இருந்த ஒரு குடும்பத்தில் பிள்ளை தாயிடம்தான் இருந்தது; தந்தைக்குப் பார்த்துப் போகும் உரிமை மட்டும் இருந்தது. தாய் அவருக்குச் சொல்லாமல் மகனுடன் டெக்சாஸ் வந்துவிட்டார். சிலி நாட்டுச் சட்டம் தந்தையின் சம்மதத்தைக் கேட்டதால், அவர் உடன்படிக்கையின் கீழ் மனு செய்யலாம் என்று 2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் லண்டன் தந்தை இப்போது டொராண்டோவுக்கு ஓட வேண்டியதில்லை. ஒவ்வொரு உறுப்பு நாட்டிலும் இதற்கென ஒரு மைய அதிகார அமைப்பு இருக்கும். லண்டன் அமைப்பிடம் விண்ணப்பம் கொடுத்தால் அது கனடாவுக்கு அனுப்பும். அங்குள்ள அமைப்பு பிள்ளை இருக்கும் இடத்தைக் கண்டறியும், முதலில் பேசி அனுப்பிவைக்கப் பார்க்கும், முடியாவிட்டால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். ஆறு வாரத்தில் முடிவு வராவிட்டால் தாமதத்துக்குக் காரணம் கேட்கலாம் என்று உடன்படிக்கை சொல்கிறது. ஆறு வாரம் என்பது ஏட்டில் உள்ள கணக்கு. 2015-ஆம் ஆண்டு விண்ணப்பங்களை வைத்துச் செய்த ஆய்வில் சராசரியாக 164 நாட்கள் ஆகியிருந்தன. அந்த விண்ணப்பங்களில் பிள்ளை திரும்பியது ஏறக்குறைய 45 விழுக்காட்டில் மட்டுமே. தானாக முன்வந்து திருப்பி அனுப்பியவையும் இதில் அடக்கம். உடன்படிக்கையில் உள்ள நாடு என்றாலே பிள்ளை அடுத்த விமானத்தில் ஏறிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்றும் அடிக்கடி மறக்கப்படுகிறது. உத்தரவு பிள்ளையை லண்டனுக்கு அனுப்புமே தவிர, தந்தையிடம் ஒப்படைக்காது. தாயும் மகனும் லண்டனில் வேறொரு வீட்டில் தங்கி, அங்கே வழக்காடி, கடைசியில் மகனை முறைப்படி டொராண்டோ கூட்டிப்போக அனுமதி வாங்குவதற்கும் வழி உண்டு.

திருப்பி அனுப்பாமல் இருக்க எப்போது முடியும்?

பிள்ளைக்கு 16 வயது நிரம்பிவிட்டால் உடன்படிக்கை பொருந்தாது. தந்தை முன்பே சம்மதித்திருந்தாலும், பிறகு சரி என்று ஏற்றுக்கொண்டிருந்தாலும் நீதிமன்றம் மறுக்கலாம். ஆகவே கோபம் தணிந்த ஒரு நள்ளிரவில், "சரி, அங்கேயே இரு" என்று அனுப்பிய செய்தி பிறகு நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்கும். விவரம் தெரிந்த வயதில் இருக்கும் பிள்ளை, போக மாட்டேன் என்று தானே சொன்னால் அதையும் கணக்கில் கொள்ளலாம். எந்த வயது என்று எண் போட்டு எழுதவில்லை; சொல்வது பிள்ளையா, பிள்ளைக்குப் பின்னால் இருப்பவரா என்று நீதிபதி துருவிப் பார்ப்பார்.

ஓராண்டுக் கணக்கு பலரை வீழ்த்தியிருக்கிறது. முறைகேடு நடந்து ஓராண்டுக்குள் நீதிமன்றத்தில் மனு போட்டிருந்தால் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும், மற்ற விலக்குகள் இல்லாவிட்டால். ஓராண்டு கடந்த பிறகு மனு போட்டால், பிள்ளை புது இடத்தில் வேரூன்றிவிட்டது என்று காட்டித் தடுக்கலாம். போலீஸில் புகார் கொடுத்த தேதி இதற்கு உதவாது. நீதிமன்றத்தில் வழக்குத் தொடங்கிய தேதிதான் கணக்கு. பிள்ளையை ஒளித்து வைத்திருந்தாலும் கடிகாரம் நிற்காது என்று 2014-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. அந்த வழக்கில் லண்டனிலிருந்து மகளுடன் நியூயார்க் வந்த தாயைக் கண்டுபிடித்து வழக்குப் போடவே தந்தைக்கு 16 மாதங்கள் ஆகியிருந்தன.

இவை எல்லாவற்றையும்விடக் கனமானது 13-ஆம் பிரிவில் உள்ள ஒரு வரி: திருப்பி அனுப்பினால் பிள்ளைக்கு உடலுக்கோ மனதுக்கோ கேடு வரும் கடும் ஆபத்து இருந்தால், அல்லது பிள்ளை தாங்க முடியாத நிலைக்குத் தள்ளப்படும் என்றால், அனுப்ப வேண்டியதில்லை.

உடன்படிக்கையை எழுதியவர்களின் மனதில் இருந்தது, பராமரிப்பு உரிமை கிடைக்காத தந்தை கோபத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் காட்சி. நடந்தது வேறு. 2015-ஆம் ஆண்டு ஆய்வில் கூட்டிச் சென்றவர்களில் 73 விழுக்காட்டினர் தாய்மார்கள். தினமும் பிள்ளைக்குச் சோறூட்டி, பள்ளிக்குத் தயார் செய்து வந்தவர்கள். அவர்களில் அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். சட்டம் யாரைப் பிடிக்க வலை விரித்ததோ அவர்கள் அல்ல, வேறு யாரோ அதில் சிக்கியது போல ஆயிற்று.

இந்த விலக்கு பிள்ளைக்கு வரும் ஆபத்தைப் பற்றியே பேசுகிறது. தாய்க்கு வரும் ஆபத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அடி வாங்கும் தாயைப் பார்த்தே வளரும் பிள்ளைக்கு அது கேடு இல்லையா? ஆம், கேடுதான் என்று பல நாட்டு நீதிமன்றங்கள் இப்போது ஏற்கின்றன. ஆனால் நிரூபிக்கும் சுமை தாயின் தலையில். மூடிய கதவுக்குள் நடந்ததற்கு, ஓடி வந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு சாட்சி தேட வேண்டும். இங்கிலாந்தில் பிள்ளையைக் கேட்டு மனு போடுபவருக்கு வருமானம் பார்க்காமல் அரசு சட்ட உதவி கிடைக்கிறது. எதிர்த்து நிற்பவருக்கு அப்படித் தானாகக் கிடைப்பதில்லை.

ஆபத்து உண்டு என்று தெரிந்தும், "தந்தை அருகில் வரக்கூடாது, வீட்டுச் செலவுக்குப் பணம் தர வேண்டும்" என்பன போன்ற பாதுகாப்பு நிபந்தனைகள் போட்டுத் திருப்பி அனுப்பும் வழக்கமும் உண்டு. அனுப்பிய பிறகு அந்த நிபந்தனைகளை யார் கண்காணிப்பது? 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டது. கடும் ஆபத்து இருப்பது உறுதியான பிறகும், எப்படியாவது அனுப்ப வழி இருக்கிறதா என்று எல்லா நிபந்தனைகளையும் தேடிப் பார்க்கும் கட்டாயம் கீழ் நீதிமன்றங்களுக்கு இல்லை என்று ஒருமனதாகச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவும் தன் விதிகளைத் திருத்தி, குடும்ப வன்முறையை நீதிமன்றங்கள் கருத்தில் கொள்ளலாம் என்று வெளிப்படையாக எழுதியது. நாற்பது ஆண்டுகள் ஆயிற்று, இவ்வளவு தூரம் வர.

இந்தியா எங்கே நிற்கிறது?

வெளியே. இந்தியா இந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. பாகிஸ்தான் 2016-இல் சேர்ந்தது, சிங்கப்பூர் 2010-இல், நெடுநாள் ஒதுங்கி நின்ற ஜப்பானும் 2014-இல் உள்ளே வந்தது.

ஆகவே அமெரிக்காவிலிருந்து பிள்ளை சென்னைக்கு வந்துவிட்டால், மைய அதிகார அமைப்பும் கிடையாது, ஆறு வாரமும் கிடையாது. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுவதுதான் வழக்கம். சிறைப்பட்ட மனிதனை நீதிபதி முன் நிறுத்தப் பிறந்த மனு அது. தாய் மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அதைப் பயன்படுத்துவது விசித்திரம்தான், ஆனாலும் கைவசம் இருக்கும் விரைவான கருவி அது. நீதிமன்றம் அங்கே இரண்டு சரக்குகளைத் தராசில் வைக்கும். ஒரு தட்டில் வெளிநாட்டு நீதிமன்றத்தின் உத்தரவுக்குத் தர வேண்டிய மரியாதை. மறு தட்டில் பிள்ளையின் நலன். எந்தத் தட்டு தாழ வேண்டும் என்பதில் நம் உச்ச நீதிமன்றமே நாற்பது ஆண்டுகளாக ஊசலாடி வந்திருக்கிறது.

1984-ஆம் ஆண்டு வழக்கு ஒன்றின் பின்னணி, கதையில் எழுதினால் மிகை என்பார்கள். இங்கிலாந்தில் மனைவியைக் கொல்ல ஆள் ஏற்பாடு செய்ய முயன்றதற்காகக் கணவருக்குத் தண்டனை கிடைத்தது. அந்த மனைவியே பரிந்து பேசி அவரை நன்னடத்தையின் பேரில் வெளியே விடச் செய்தார். வெளியே வந்தவர் மகனைத் தூக்கிக்கொண்டு இந்தியா வந்துவிட்டார். குடும்பம் எந்த நாட்டோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்ததோ அந்த நாட்டு நீதிமன்றமே விசாரிக்க வேண்டும் என்று சொல்லி, மகனைத் தாயிடம் கொடுத்தது உச்ச நீதிமன்றம். உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த மறு ஆண்டு அது. இந்தியா அதில் இல்லாமலே அதே தர்க்கத்தைப் பேசியது.

1997 வாக்கில் காற்று திசை மாறியது. பிள்ளை இங்கே பல ஆண்டுகள் வளர்ந்துவிட்டால், வெளிநாட்டு உத்தரவு ஓர் அம்சம் மட்டுமே, நலனே முதன்மை என்று தீர்ப்பு வந்தது. 2009-இல் மறுபடியும் அமெரிக்கா அனுப்பச் சொன்னார்கள். அந்த வழக்கில் தாய் மகனுடன் ஊர் ஊராக மாறிக்கொண்டிருந்தார். இரண்டாண்டுகளுக்குப் பிறகு சிபிஐ சென்னையில் அவர்களைக் கண்டுபிடித்தது. இவ்வளவு இடம் மாறிய பிள்ளை இங்கே எங்கே வேரூன்றியிருக்கும் என்று கேட்டது நீதிமன்றம். 2015-இல் நாம் மேலே பார்த்த கோவை வழக்கு: எந்த நாட்டு நீதிமன்றம் முதலில் உத்தரவு போட்டதோ அதற்கே முன்னுரிமை என்றார்கள். இரண்டே ஆண்டுகளில், 2017 ஜூலையில், மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த 'முந்தியவருக்கு முன்னுரிமை' கொள்கையை ஏற்க மறுத்தது. பெற்ற தாயிடம் இருக்கும் சிறுமியைச் சட்டவிரோதக் காவலில் இருப்பவளாகக் கருத முடியாது என்று சொல்லி, அவளை இங்கிலாந்து அனுப்பும் டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவை நீக்கியது. 2019-இலும் 2020-இலும் அமெரிக்காவுக்கு அனுப்பும் தீர்ப்புகள் வந்தன. 2022 ஜூலையில், ஓஹையோவிலிருந்து தந்தை தமிழ்நாட்டுக்குக் கூட்டி வந்துவிட்ட பிள்ளைகளைத் தாயுடன் அமெரிக்கா அனுப்பச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

ஒவ்வொரு தீர்ப்பும் தனித்தனியே படித்தால் நியாயமாகவே தெரியும். வரிசையாக வைத்துப் படித்தால், மறுநாள் வழக்குப் போட வருபவரிடம் எந்த வக்கீலும் முடிவை ஊகித்துச் சொல்ல முடியாது. "பிள்ளையின் நலன்" என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் அது நீதிபதிக்கு நீதிபதி மாறும் அளவுகோலாக இருக்கும்போது, இழுத்தடிப்பவருக்கே அது சாதகமாகிறது. உள்ளூர்ப் பள்ளியில் இன்னும் ஓராண்டு கடந்தால் நலனின் கணக்கும் மாறிவிடுமே.

இந்தியா சேர வேண்டும் என்று சட்ட ஆணையம் 2009-இல் தன் 218-ஆவது அறிக்கையில் சொன்னது. 2016-இல் 263-ஆவது அறிக்கையில் ஒரு மசோதாவையே எழுதிக் கொடுத்தது. அரசு தயங்கியது. நீதிபதி ராஜேஷ் பிந்தல் தலைமையில் ஒரு குழு அமைந்து, 2018-இல் அறிக்கை தந்தது. அப்படியே போய்ச் சேர்ந்துவிடுவதை அக்குழு ஆதரிக்கவில்லை. காரணம் ஊரறிந்தது. கணவனின் வேலை விசாவை ஒட்டியே வெளிநாடு போகும் பெண்கள். வேலைக்குப் போக அனுமதி இல்லாமல், வங்கிக் கணக்கு இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று தெரியாமல் இருப்பவர்கள். விவாகரத்து ஆனால் விசாவே போய்விடும். "பிள்ளையுடன் நீயும் திரும்பிப் போய் அங்கே வழக்காடு" என்று அவரிடம் சொல்வது காகிதத்தில் மட்டுமே சாத்தியம்.

இந்த அச்சம் உண்மையானது. ஆனால் பெரும்பாலும் பேசப்படாத மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. சென்னையில் வளர்ந்த பிள்ளையை வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள தந்தை லண்டனுக்குக் கூட்டிப் போய்விட்டால், இந்தியத் தாய்க்கும் உடன்படிக்கையின் உதவி கிடைக்காது. அவரே அந்நாட்டில் வக்கீல் வைத்து, பவுண்டில் கட்டணம் கொடுத்து வழக்காட வேண்டும். கதவைச் சாத்திவைத்தால் வெளியே இருப்பவர் உள்ளே வர முடியாதது போலவே உள்ளே இருப்பவரும் வெளியே போக முடியாது. அமெரிக்கா 2014-இல் இயற்றிய கோல்ட்மேன் சட்டப்படி வெளியாகும் ஆண்டறிக்கைகளில் இந்தியா தொடர்ந்து ஒத்துழைக்காத நாடுகளின் பட்டியலில் இடம்பெறுகிறது. ஆனால் அந்தப் பட்டியலால் எந்த இந்தியத் தாயின் பிள்ளையும் திரும்பப் போவதில்லை. வன்முறைக்குத் தெளிவான விலக்கு எழுதி, விசாவுக்கும் செலவுக்கும் உத்தரவாதம் கேட்டு, ஒரு சட்டத்தோடு உள்ளே போவதே மேல் என்பது என் கருத்து.

இலங்கை நிலைமை வேறு

இலங்கை 2001-லேயே சேர்ந்துவிட்டது. அதே ஆண்டின் 10-ஆம் இலக்கச் சட்டம் உடன்படிக்கையை உள்நாட்டுச் சட்டமாக்கியது. நீதி அமைச்சின் செயலாளரே மைய அதிகாரி.

புலம்பெயர்ந்த குடும்பங்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. பிற்பாடு சேரும் நாட்டை ஏற்கெனவே இருக்கும் நாடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொண்ட நாட்டுக்கும் இலங்கைக்கும் இடையில் மட்டுமே அது செல்லும். ஒரு நாடு உறுப்பினரா என்று பார்ப்பதோடு நிற்காமல், இந்த இரண்டு நாடுகளுக்கும் இடையில் அது நடைமுறையில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். ஹேக் மாநாட்டு அமைப்பின் இணையதளத்தில் நாடு வாரியாக அட்டவணை இருக்கிறது.

பயணத்துக்கு முன்னும் பின்னும்

மணவாழ்க்கை ஆட்டம் காணும் நேரத்தில் பிள்ளையுடன் ஊருக்குப் போவதாக இருந்தால், எந்தத் தேதி வரை என்று எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்வது இருவருக்கும் நல்லது. போகிறவருக்கு அது சம்மதத்தின் சான்று. அனுப்புகிறவருக்கு அது கால எல்லையின் சான்று. திரும்பப் போகும் எண்ணம் இல்லை என்றால், முடிந்தவரை அங்குள்ள நீதிமன்றத்திடமே இடம் மாற அனுமதி கேட்பது நிலையான வழி. அடியும் உதையும் உள்ள வீட்டில் அதற்கு அவகாசம் இருக்காது. அப்படிக் கிளம்புகிறவர் மருத்துவர் சீட்டு, போலீஸ் பதிவு, செய்திகளின் நகல் என்று கையில் கிடைப்பதைக் கூடவே எடுத்து வர வேண்டும். பிறகு 13-ஆம் பிரிவைப் பற்றிப் பேசினாலும், இந்தியாவில் ஆட்கொணர்வு மனுவுக்குப் பதில் சொன்னாலும், பேச்சைவிடக் காகிதத்துக்கே மதிப்பு.

பிள்ளையைக் கேட்பவரும் கோபத்தில் முதல் வேலையாகக் குற்ற வழக்குப் போடுவதற்கு முன் யோசிக்க வேண்டும். கைது வாரண்ட் நிலுவையில் இருக்கும் தாய் பிள்ளையுடன் விமானம் ஏற மாட்டார். அவர் இல்லாமல் சிறு பிள்ளையை அனுப்ப நீதிபதியும் தயங்குவார்.

நிபந்தனைகளோடு அனுப்பும்போது, அதே நிபந்தனைகளைக் கொண்ட ஆணையைப் போகும் நாட்டு நீதிமன்றத்திலும் பதிவு செய்யச் சொல்வது இப்போது வழக்கமாகியிருக்கிறது. அங்கே மீறினால் அங்கேயே பிடிக்கலாம் என்பது எண்ணம். 2020 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம், டெல்லியில் வளர்ந்த ஒரு சிறுவனைக் கென்யாவில் இருக்கும் தந்தையிடம் ஒப்படைத்தபோது, நைரோபி உயர் நீதிமன்றத்தில் அப்படிப் பதிவு செய்யச் சொன்னது. சிறுவன் போனான். நிபந்தனைகள் காற்றில் போயின. தாய்க்கு மகனோடு பேசவும் பார்க்கவும் இருந்த உரிமையைத் தந்தை மதிக்கவில்லை. 2021-இல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே திரும்பப் பெற்று, சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. 2022 நவம்பரில் நீதிமன்ற அவமதிப்புக்காகத் தந்தைக்கு ஓராண்டுச் சிறையும் 25 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. தந்தை அப்போது இந்தியாவில் இல்லை.